டி. பி. ராஜலட்சுமி

டி. பி. ராஜலட்சுமி (நவம்பர் 11, 1911 – ஆகஸ்ட் 20, 1964) தமிழ் நாடக, திரைப்பட நடிகையும், பாடகியும், புதின எழுத்தாளரும், திரைப்படத் தயாரிப்பாளரும், இயக்குநரும் ஆவார். தமிழ் ஒலித்த முதல் பேசும்படமான காளிதாஸ் (1931) படத்தின் கதாநாயகி இவரே. 1936 ஆம் ஆண்டு தாம் எழுதிய புதினத்தை மிஸ் கமலா என்ற பெயரில் திரைப்படமாகத் தயாரித்து இயக்கியதன் மூலம் தென்னிந்தியாவின் முதல் பெண் திரைப்பட இயக்குநர் என்ற இடத்தைப் பெற்றார். குழந்தைத் திருமணத்தால் பிறந்த வீட்டுக்கே திரும்ப நேர்ந்த சிறுமியாக, பதினோராம் வயதில் பிழைப்புக்காக நாடக மேடை ஏறியவர் இவர். தம் காலத்தில் சினிமா ராணி என்று சிறப்பிக்கப்பட்டார்.

பிறப்பும் இளமையும்

தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த அந்தணர் குடும்பம் ஒன்றில் ராஜலட்சுமி பிறந்தார். தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி கிராமக் கர்ணமாகப் பணியாற்றியவர். தாயார் பெயர் மீனாட்சி. இவரது பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளில் முதலாவது திருவையாற்றையும் இரண்டாவது தந்தையின் பெயரையும் குறிக்கின்றன. இளமைப் பருவம் சாலியமங்கலத்தில் கழிந்தது. மிகச் சிறிய வயதிலேயே, கேட்ட பாடலை அப்படியே திருப்பிப் பாடும் ஆற்றல் இவரிடம் இருந்தது. பிற்காலத்தில் இவருக்கு வாழ்வளித்தது இந்த ஆற்றலே.

அக்கால வழக்கப்படி இவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே திருமணம் நடத்தப்பட்டது. அப்போது இவருக்கு வயது எட்டு அளவில் இருக்கும். வரதட்சணை தொடர்பான பிணக்கினால் அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. சிறுமி பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். குழந்தைத் திருமணத்தைக் கட்டுப்படுத்தும் சாரதா சட்டம் 1929 இல் இயற்றப்பட்டு 1930 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது பதினான்கு என வரையறுத்தது. ராஜலட்சுமியின் குழந்தைப் பருவத்தில் அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. கணவன் வீட்டிலிருந்து திரும்பிய பெண்ணுக்கு மறுமணமோ கல்வியோ வேலையோ எளிதில் வாய்க்காத காலம் அது.

இந்நிகழ்வுக்குப் பின் சிறிது காலத்தில் தந்தையும் இறந்தார். ஆதரவற்ற நிலையில் மீனாட்சி மகளுடன் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தார். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு பதினொரு வயதுச் சிறுமியின் மீது விழுந்தது.

நாடக மேடையில்

திருச்சிராப்பள்ளியில் சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில் ராஜலட்சுமி சேர்ந்தார். பவளக்கொடி போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றார்.

இம்முடிவின் கடுமையை உணர அக்கால நாடக உலகைப் பற்றி ஓரளவு அறிய வேண்டும். அன்று தமிழ்நாட்டில் புகழ் பெற்றிருந்த பாலர் நாடகக் குழுக்களில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். பெண்கள் நடித்த குழுக்களும் இருந்தன. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட குழு ஒன்றையே நடத்தினார். எனினும் மேடையேறும் பெண்ணைச் சமூகம் மதிப்புடன் நோக்கவில்லை. அந்தணர் குடும்பத்துப் பெண் ஒருவர் அரிதாரம் பூசி ஆடவருடன் நடிப்பது உறவினரிடமிருந்தும் ஊராரிடமிருந்தும் விலக்கப்படுவதற்குப் போதுமான காரணமாக இருந்தது. தாயும் மகளும் அதனை ஏற்றுக்கொண்டே இவ்வழியைத் தேர்ந்தனர்.

அக்கால நாடகங்கள் இரவில் தொடங்கி விடியும் வரை நடைபெற்றன. உரையாடலைவிடப் பாடல்களே மிகுதி. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். ரசிகர்கள் மீண்டும் பாடுமாறு கேட்டால் அதே பாடலைத் திரும்பவும் பாட வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையில், ஒத்திகை எதுவும் இன்றி, வெவ்வேறு ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகர்கள் மேடையிலேயே சந்தித்து, போட்டி போட்டுப் பாடியும் வாதிட்டும் நடிப்பர். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களின் பாடல்கள் அனைத்தையும் மனப்பாடமாக அறிந்திருந்தால் மட்டுமே இத்தகைய மேடையில் நிற்க முடியும். ராஜலட்சுமி பெற்ற பயிற்சி இதுவே.

சில ஆண்டுகளில் இவர் முன்னணி ஸ்திரீபார்ட் நடிகையானார். கன்னையா குழு உட்படப் பல நாடகக் குழுக்களில் பங்கேற்றார். எஸ். ஜி. கிட்டப்பா, எம். கே. தியாகராஜ பாகவதர், வி. ஏ. செல்லப்பா ஆகிய புகழ்பெற்ற பாடக நடிகர்களுடன் நடித்தார். கடல் கடந்து சென்றும் நாடகங்களில் நடித்தார். நாட்டு விடுதலை இயக்கம் வலுப்பெற்ற அந்த ஆண்டுகளில், புராண நாடகங்களின் இடையே தேசியப் பாடல்களைப் பாடுவது மேடை வழக்கமாயிற்று. ராஜலட்சுமியும் அவ்வாறு பாடிய கலைஞர்களுள் ஒருவர்.

ஊமைப்படங்கள்

சென்னையில் ஊமைப்படத் தயாரிப்பு 1920களின் பிற்பகுதியில் விரிவடைந்தது. ஏ. நாராயணன் 1929 இல் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் இவற்றுள் முதன்மையானது. நாடக மேடையில் பெயர் பெற்ற ராஜலட்சுமிக்கும் திரைப்பட வாய்ப்பு வந்தது. கோவலன், உஷா சுந்தரி, ராஜேஸ்வரி ஆகிய ஊமைப்படங்களில் இவர் நடித்தார்.

ஊமைப்படத்தில் இவரது குரலுக்கு வேலை இல்லை. பாட்டினாலேயே புகழ் பெற்ற ஒருவர் திரையில் வாய் அசைப்பதை மட்டுமே மக்கள் கண்டனர். பம்பாயில் 1931 ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று ஆலம் ஆரா வெளியானதும் இந்நிலை மாறியது. பேசும்படத்துக்குப் பாடத் தெரிந்த நடிகர்கள் தேவைப்பட்டனர். அவ்வகையில் ஆயத்தமாக இருந்தவர்கள் நாடகக் கலைஞர்களே.

காளிதாஸ்

ஆலம் ஆராவைத் தயாரித்த இம்பீரியல் நிறுவனத்தின் அர்தேஷிர் இரானி, தென்னிந்தியாவுக்கும் பேசும்படம் ஒன்றை எடுக்க விரும்பினார். அதனை இயக்கும் பொறுப்பு எச். எம். ரெட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னையில் அப்போது ஒலிப்பதிவு வசதி கொண்ட படப்பிடிப்பு நிலையம் கிடையாது. ஆதலால் ராஜலட்சுமி பம்பாய் சென்று, ஆலம் ஆராவுக்காக அமைக்கப்பட்ட அரங்குகளிலேயே நடித்தார். அந்த ஆண்டு நவம்பரில்தான் அவருக்கு இருபது வயது நிறைந்தது. ஆனால் மேடை அனுபவமோ ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்.

காளிதாஸ் 1931 ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியிடப்பட்டது. பின்னாளில் முருகன் டாக்கீஸ் எனப் பெயர் மாறிய அரங்கு இதுவே. அமைச்சரின் சூழ்ச்சியால் கல்வியறிவற்ற ஆட்டிடையன் ஒருவனுக்கு மணம் முடிக்கப்படும் இளவரசி வித்யாதரி, காளியை வேண்டி அவனுக்குப் புலமை பெற்றுத் தருவதும், அவன் மகாகவி காளிதாசன் ஆவதும் கதை. இளவரசியாக ராஜலட்சுமியும் காளிதாசனாக பி. ஜி. வெங்கடேசனும் நடித்தனர். பின்னாளில் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் புகழ் பெற்ற எல். வி. பிரசாத் இதில் சிறு வேடம் ஏற்றார்.

இப்படத்தை முழுமையான தமிழ்ப் படம் என்று கூற இயலாது. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் விடையளித்தார். துணை நடிகர் சிலர் இந்தியில் பேசினர். ஆகவே காளிதாஸ் படத்தைப் பன்மொழிப் படம் எனக் குறிப்பிடுவோரும் உண்டு. இதனால் ராஜலட்சுமியின் இடம் மேலும் தெளிவாகிறது. அப்படத்தின் தமிழ்ப் பகுதிக்கு முதன்மையானவர் அவரே. தென்னிந்தியத் திரையரங்குகளில் முதன்முதலாக ஒரு கதைப்படத்தின் கதாநாயகி தமிழில் பேசியபோது ஒலித்தது அவருடைய குரலே.

பாடல்கள் கதையோடு பெரிதும் பொருந்தாதவை. தியாகராஜரின் கீர்த்தனைகளுடன் காந்தியையும் கைராட்டையையும் போற்றும் மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல்களும் இடம்பெற்றன. உப்புச் சத்தியாக்கிரகம் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த சூழலில் இப்பாடல்கள் மக்களை ஈர்த்தன. படத்துடன் ராஜலட்சுமியின் குறத்தி நடனம் அடங்கிய குறும்படமும் சேர்த்துக் காட்டப்பட்டது. உதட்டசைவுக்கும் ஒலிக்கும் பொருத்தமின்மை முதலிய குறைகள் இருந்தபோதிலும், திரையில் உருவங்கள் பேசுவதையும் பாடுவதையும் காண மக்கள் திரண்டனர்.

புராணப் படங்களின் காலம்

காளிதாஸ் வெற்றிக்குப் பின் ராஜலட்சுமியின் வாய்ப்புகள் பெருகின. பி. வி. ராவ் இயக்கத்தில், கோயம்புத்தூர்த் திரைப்பட முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தாவின் பயனீர் பிலிம் நிறுவனத்துடன் இணைந்து தயாரித்த வள்ளி திருமணம் (1933) குறிப்பிடத்தக்க வெற்றி பெற்றது. மேடையில் பலமுறை ஏற்ற வள்ளி வேடத்தை இவர் திரையிலும் ஏற்றார். இப்படத்தில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரம் பின்னர் இவரது கணவரானார். குழந்தைப் பருவத்தில் பிறர் முடிவு செய்த திருமணத்தால் துன்புற்றவர், தம் உழைப்பால் நிலைபெற்ற பின் தாமே தேர்ந்து கொண்ட வாழ்க்கைத் துணை இவர்.

ஆர். பத்மநாபன் இயக்கிய திரௌபதி வஸ்திராபகரணம் (1934), குலேபகாவலி (1935), லலிதாங்கி (1935), எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சீமந்தினி (1936) ஆகியவை இவர் நடித்த பிற படங்களுள் சில. பின்னணிப் பாடல் முறை அறிமுகமாகாத காலம் ஆதலால் தம் பாடல்கள் அனைத்தையும் படப்பிடிப்பின்போதே பாடி நடித்தார். வாத்தியக்காரர்கள் ஒளிப்படக் கருவியின் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசிப்பர். பாட்டில் பிழை நேர்ந்தால் காட்சி முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும். தவறின்றிப் பாடும் மேடைப் பயிற்சி பெற்றவரே தயாரிப்பாளருக்குச் சிக்கனமானவர். ராஜலட்சுமிக்கு இருந்த தேவைக்கு இதுவும் ஒரு காரணம்.

1934 இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் ஒலிப்படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். அவருடைய மனைவி மீனாட்சி அங்கு ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டார். நகரின் பிற பகுதிகளிலும், தெற்கே கிண்டியிலும் படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றின. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பயணம் செய்யாமலேயே படம் எடுக்கலாம் என்ற நிலை உருவானதும், நடிகையாக மட்டும் இருந்த ராஜலட்சுமிக்குத் தயாரிப்புத் துறையில் இறங்கும் வழி திறந்தது.

எழுத்தாளராக

ராஜலட்சுமி புதினங்கள் எழுதியவர் என்பது பலர் அறியாத செய்தி. முறையான பள்ளிக் கல்வி பெரிதும் வாய்க்காத இவர், நாடக வசனங்களையும் பாடல்களையும் பயின்றே மொழித் திறனை வளர்த்துக்கொண்டார். கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன் என்ற இவரது புதினம் 1930களின் முற்பகுதியில் வெளிவந்தது. வேறு சில புதினங்களையும் எழுதியுள்ளார்.

கமலவல்லி ஓர் இளைஞனை விரும்புகிறாள். அவளது விருப்பத்துக்கு மாறாக வேறொருவருக்கு அவள் மணம் செய்து கொடுக்கப்படுகிறாள். உண்மையை அறிந்த கணவர் சந்திரசேகரன் அவளைத் தங்கையாகக் கருதி, அவள் விரும்பியவனுடனேயே சேர்த்து வைக்கிறார். திருமணம் ஒருமுறை நடந்துவிட்டால் பெண்ணுக்கு வேறு வாழ்வு இல்லை என்று கருதிய சமூகத்தில் இக்கதை துணிவானது. ஆசிரியரின் சொந்த வாழ்வை இப்புதினம் நேரடியாகக் கூறவில்லை. எனினும் பெண்ணைக் கேளாமல் நடத்தப்படும் திருமணம் என்ற வினா, ஆசிரியர் எட்டு வயதில் அனுபவித்ததே என்பது கருதத்தக்கது.

இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும்

இப்புதினத்தைத் திரைப்படமாக்க முடிவு செய்த ராஜலட்சுமி, தம் சொந்த நிறுவனமான ராஜம் டாக்கீஸ் சார்பில் மிஸ் கமலா (1936) படத்தைத் தயாரித்தார். கதை, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகி வேடம் ஆகிய பொறுப்புகளைத் தாமே ஏற்றார். இந்திய அளவில் இவருக்கு முன் திரைப்படம் இயக்கிய பெண் பாத்மா பேகம் ஆவார். அவர் 1926 இல் புல்புல்-எ-பரிஸ்தான் என்ற ஊமைப்படத்தை இயக்கினார். தென்னிந்தியாவில் ராஜலட்சுமிக்கு முன்னோடி எவரும் இல்லை.

புராணக் கதைகளும் அரசர் கதைகளுமே பெரும்பாலும் எடுக்கப்பட்ட ஆண்டுகளில், சமகாலக் குடும்பத்தையும் பெண்ணின் விருப்பத்தையும் பொருளாகக் கொண்டது மிஸ் கமலா. மக்கள் நன்கறிந்த வள்ளியையும் திரௌபதியையும் நம்பியிருந்தால் வருவாய் உறுதியாகக் கிடைத்திருக்கும். நடிகையாக ஈட்டிய பொருளைத் தாம் எழுதிய கதையில் அவர் முதலிட்டார்.

பின்னர் மதுரை வீரன் (1939) படத்தையும் இவரே தயாரித்து இயக்கினார். அதில் வி. ஏ. செல்லப்பா நடித்தார். இதே கதை 1956 இல் எம். ஜி. இராமச்சந்திரன் நடிப்பில் மீண்டும் எடுக்கப்பட்டுப் பெரும் வெற்றி பெற்றதால், ராஜலட்சுமியின் படம் பலருடைய நினைவிலிருந்து மறைந்தது.

தமிழ்த் திரையுலகில் இவருக்குப் பின் இயக்குநரான பெண்கள் மிகச் சிலரே. பி. பானுமதி சண்டிராணி (1953) படத்தையும், சாவித்திரி குழந்தை உள்ளம் (1969), பிராப்தம் (1971) ஆகிய படங்களையும் இயக்கினர். மிஸ் கமலாவுக்கும் சண்டிராணிக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் இடைவெளி உள்ளது.

பொருளிழப்பும் பிற்காலமும்

விடுதலை உணர்வை வெளிப்படுத்தும் நோக்கில் ராஜலட்சுமி எடுத்த இந்தியத் தாய் ஆங்கில அரசின் தணிக்கையால் இடர்ப்பாடுகளைச் சந்தித்தது. இதனால் அவருக்குப் பெரும் பொருளிழப்பு ஏற்பட்டது. திரைப்படத் தயாரிப்பில் ஒரு படம் முடங்கினால் முதலும் அதற்கான வட்டியும் சேர்ந்து முடங்கும். பெரிய நிறுவனங்கள் அடுத்த படத்தின் வருவாயால் இழப்பை ஈடுசெய்தன. தம் ஊதியத்தையே முதலாகக் கொண்ட நடிகைக்கு அந்த வசதி இல்லை.

திரைத்துறையின் மாற்றமும் இவரைப் பாதித்தது. ஏ. வி. மெய்யப்பரின் தயாரிப்பில் 1938 இல் வெளிவந்த நந்தகுமார் படத்தில் இவர் யசோதையாக நடித்தார். சிறுவனாக இருந்த டி. ஆர். மகாலிங்கம் கண்ணனாக அறிமுகமானார். தமிழில் பின்னணிப் பாடல் முறை முதலில் கையாளப்பட்ட படம் என்று இது குறிப்பிடப்படுகிறது. நடிப்பவரே பாட வேண்டும் என்ற கட்டாயம் படிப்படியாக மறைந்தபோது, மேடையில் வளர்ந்த பாடக நடிகைகளின் தனிச்சிறப்பும் மதிப்பிழந்தது. புதிய தலைமுறைக் கதாநாயகிகள் வந்தனர். இவர் தாய் வேடங்களுக்கு மாறினார். இதய கீதம் (1950) இவரது கடைசிப் படங்களுள் ஒன்று.

தனி வாழ்க்கை

கணவர் டி. வி. சுந்தரத்துடன் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ராஜலட்சுமி வாழ்ந்தார். ராஜமகால் என்னும் அவரது இல்லம் திரையுலகினர் பலரும் அறிந்த இடமாக இருந்தது. இத்தம்பதியருக்கு ஒரு மகள் உண்டு. பெண் சிசுவைக் கொல்லும் வழக்கத்திலிருந்து மீட்கப்பட்ட பெண் குழந்தை ஒன்றையும் எடுத்து வளர்த்தார். பெண் கல்வி, குழந்தைத் திருமண எதிர்ப்பு ஆகியவற்றில் அவருக்கிருந்த பற்றுக்கு இச்செயல் சான்றாகக் கருதப்படுகிறது.

விருதும் மறைவும்

1961 இல் ராஜலட்சுமிக்குக் கலைமாமணி விருது வழங்கப்பட்டது. வாழ்வின் இறுதி ஆண்டுகளில் பக்கவாத நோயால் துன்புற்றார். 1964 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று தம் ஐம்பத்திரண்டாம் வயதில் சென்னையில் காலமானார்.

படங்களின் இன்றைய நிலை

ராஜலட்சுமியின் பெயர் தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்களில் முதல் என்னும் சொல்லுடன் சேர்த்துக் கூறப்படுகிறது. அந்த முதல்களைக் கண்டு மதிப்பிடும் வாய்ப்பு இன்றைய தலைமுறைக்கு இல்லை. காளிதாஸ், மிஸ் கமலா ஆகிய இரண்டின் படச்சுருள்களும் எஞ்சவில்லை. அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட்டு வகையைச் சேர்ந்தவை. எளிதில் தீப்பற்றுவதுடன் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்துவிடும் தன்மை கொண்டவை. அவற்றில் இருந்த வெள்ளிக்காகவும் பல சுருள்கள் உருக்கப்பட்டன. ஓடி முடிந்த படத்தைப் பாதுகாப்பது தேவை என்ற எண்ணமும் அன்று இல்லை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் நிறுவப்பட்டது 1964 இல், அதாவது ராஜலட்சுமி மறைந்த அதே ஆண்டில்.

எனவே அவரது பணியை அறிய இன்று துணைபுரிபவை இதழ் விளம்பரங்கள், விமரிசனங்கள், திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், நிழற்படங்கள் ஆகியவையே. அவர் எழுதிய புதினங்கள் இவ்வகையில் தனிச்சிறப்புடையவை. நாடகத்திலும் திரைப்படத்திலும் பெரும்பாலும் பிறர் எழுதியதை நடித்த அவரது சொந்தச் சொற்கள் அச்சில் நிற்பது அவற்றில்தான். படச்சுருள் அழிந்துபோன மிஸ் கமலாவின் கதையை அறியவும் அதன் மூலப் புதினமே வழி.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

1931 – காளிதாஸ்
1933 – வள்ளி திருமணம்
1934 – திரௌபதி வஸ்திராபகரணம்
1935 – குலேபகாவலி
1935 – லலிதாங்கி
1936 – சீமந்தினி
1936 – மிஸ் கமலா (கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு)
1938 – நந்தகுமார்
1939 – மதுரை வீரன் (தயாரிப்பு, இயக்கம், நடிப்பு)
1950 – இதய கீதம்